கிட்டார் கற்றுக்கொள்ள நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

என்னுடைய முதல் கிட்டார் ஆசிரியர் அபாரமாக வாசிப்பார். ஒரு மணி நேர வகுப்பில் 40 நிமிடம் அவர்தான் வாசிப்பார், நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மீதி நேரத்தில் ஒரு கார்டைக் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் அமைப்பு) காட்டுவார். நான் தடவித் தடவி விரல்களை வைப்பேன். கம்பி 'டப் டப்' என்று செத்த சத்தம் போடும். "வீட்ல நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க, வந்துடும்" என்பார். நான்கு மாதம் இப்படியே போனது. சத்தம் வரவில்லை, இடது மணிக்கட்டில் வலிதான் வந்தது. என் விரல்கள் குட்டை, எனக்கு இதெல்லாம் வராது என்று முடிவுகட்டி, கிட்டாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து வேறொருவரிடம் போனேன். அவர் முதல் நாள் பத்து நிமிடம்கூட வாசித்திருக்க மாட்டார். சி கார்டு வைக்கச் சொன்னார். "இப்ப ஒவ்வொரு கம்பியா தட்டுங்க. எது பேசல?" என்று கேட்டார். ஐந்தாவது கம்பி (மிக மெல்லியதுதான் முதல் கம்பி, தடித்தது ஆறாவது) பேசியது, நான்காவது பேசியது, மூன்றாவது செத்துக் கிடந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் இடது கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். என் நடுவிரல் சாய்ந்து, அதன் சதை மூன்றாவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டைவிரலோ கிட்டாரின் கழுத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. "கட்டைவிரலைக் கீழ இறக்குங்க, கழுத்தோட முதுகுல வைங்க" என்றார். இறக்கினேன். மற்ற விரல்கள் தாமாகவே நிமிர்ந்தன, மூன்றாவது கம்பி பேசியது. மொத்தம் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் நான்கு மாதம் பணம் கட்டி, ஒரு வருடம் மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன்: அந்த ஆசிரியர் உங்கள் கையைப் பார்க்கிறாரா? அவர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார், எத்தனை மேடை ஏறியிருக்கிறார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: எந்தக் கிட்டார், எந்த இசை?

ஆசிரியரைத் தேடும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'கிட்டார்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், நடைமுறையில் மூன்று வேறு வேறு கருவிகள் இருக்கின்றன.

கிளாசிக்கல் கிட்டாருக்கு நைலான் கம்பிகள். கழுத்து அகலமானது, தலைப்பக்கம் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் இருக்கும். வலது கை விரல்களாலேயே வாசிப்பார்கள். இடது காலைச் சிறு முக்காலியில் உயர்த்தி, கிட்டாரை அந்தத் தொடைமேல் வைத்து உட்காரும் முறை இதற்கு உரியது. பெரும்பாலும் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் சுரங்களை எழுதும் முறை) படித்து, தனியாக வாசிக்கும் இசை.

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரின் கழுத்து ஒடுக்கமானது, சுமார் 43 மில்லிமீட்டர். கம்பிகளின் இழுவிசை நைலானைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாட்டுக்குப் பக்கத்துணையாகக் கார்டு வாசிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். மூன்றாவது எலக்ட்ரிக். கம்பி மெல்லியது, அழுத்துவது சுலபம், ஆனால் ஆம்ப்ளிஃபயரைக் கையாளவும், வாசிக்காத கம்பிகள் சத்தம் போடாமல் கையால் அடக்கவும் தனியாகக் கற்க வேண்டும்.

கிளாசிக்கலில் ஊறிய ஒருவரிடம் போய் பாட்டுக்கு ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை ஒருசேர வருடி வாசிப்பது) கற்றுக்கொடுங்கள் என்றால் இருவருக்கும் சிரமம். ராக் மட்டும் வாசித்தவரிடம் கிளாசிக்கலின் விரல் நுணுக்கத்தை எதிர்பார்ப்பதும் அப்படித்தான். இரண்டிலும் தேர்ந்தவர்கள் உண்டு, ஆனால் நீங்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன இசை வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லையா? பரவாயில்லை. ஒரு தாளில் மூன்று பாட்டு எழுதுங்கள். 'இதை நான் வாசித்தால் போதும், ஜென்மம் சாபல்யம்' என்று தோன்றும் மூன்று பாட்டு. அந்தத் தாளை ஆசிரியரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்ததுமே உங்களுக்கு எந்தக் கிட்டார், எந்த வழி என்று அவரால் சொல்லிவிட முடியும். சொல்ல முடியாவிட்டால், அல்லது "இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நம்ம சிலபஸ் இருக்கு" என்று தாளை ஒதுக்கினால், அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் தகவல்.

இன்னும் கிட்டார் வாங்கவில்லையென்றால் வாங்காமலே ஆசிரியரைத் தேடுங்கள். வாங்கப்போகும்போது அவருடைய யோசனை உதவும். கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டிவிட்டு, பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்து வந்தபின் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: தேடுவது

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இசைக்கருவி விற்கும் கடை, இசைப்பள்ளி, தெரிந்தவர்கள், இணையம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நன்றாக வாசிப்பவரிடம் "உங்களுக்கு ஆசிரியர் யார்?" என்று கேட்பதைவிட, ஆறு மாதத்துக்கு முன்பு ஒன்றுமே தெரியாமல் தொடங்கி, இப்போது ஓரளவு வாசிப்பவரிடம் கேளுங்கள். பத்து வருடமாக வாசிப்பவருக்கு ஆரம்பத்தில் பட்ட பாடு மறந்திருக்கும். ஆறு மாத மாணவருக்கு எல்லாம் நேற்று நடந்ததுபோல நினைவிருக்கும்.

மூன்று பேராவது கைவசம் இருக்கட்டும். ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் ஒப்பிட எதுவுமே இருக்காது.

மூன்றாம் படி: முதல் பேச்சு

தொலைபேசியில் பேசும்போது கட்டணத்தையும் நேரத்தையும் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். நான் கேட்கும் கேள்விகள் இவை:

- ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து எவ்வளவு நாள் பழக்கம்? இப்போது அப்படி எத்தனை பேர் உங்களிடம் படிக்கிறார்கள்?
- முதல் மாதம் என்னென்ன செய்வோம்?
- வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும்? என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா?
- உங்களிடம் ஆறு மாதம் படித்த ஒருவர் வாசிப்பதை நான் கேட்கலாமா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆசிரியர் வாசிக்கும் வீடியோ எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும், அது அவருடைய உழைப்பைக் காட்டும். அவருடைய மாணவர் வாசிப்பதுதான் அவருடைய கற்பித்தலைக் காட்டும். மாணவர் சாதாரணப் பாட்டைத்தான் வாசிக்கிறார், ஆனால் தாளம் குலையாமல், கம்பி எல்லாம் தெளிவாகப் பேச, தோள் இறுகாமல் வாசிக்கிறார் என்றால் அந்த ஆசிரியரை நம்பலாம். கடினமான பாட்டை எடுத்துக்கொண்டு தடுக்கித் தடுக்கி வாசிக்கிறார் என்றால் யோசியுங்கள்.

அவர் திருப்பி உங்களை ஏதாவது கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். "இதுக்கு முன்னாடி வேற ஏதாவது வாத்தியம் வாசிச்சிருக்கீங்களா? கையில ஏதாவது அடிபட்டிருக்கா? இடது கைப் பழக்கமா?" இப்படிக் கேட்பவர், வரப்போவது யார் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். இடது கைக்காரர்கள் சிலருக்கு வலது கைக் கிட்டாரே வசதியாக அமைந்துவிடும், சிலருக்கு அமையாது. இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்க்கச் சொல்லி, சேர்ந்து முடிவெடுப்பவர் வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் வாசிக்கணும்" என்று முதல் வரியிலேயே முடித்துவிடுபவர் வேண்டாம்.

நான்காம் படி: டெமோ கிளாஸ்

இங்கேதான் எல்லாம் தெரியவரும். அதனால் இந்தப் படியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிந்தால் டெமோ கிளாஸுக்குப் பணம் கொடுத்தே போங்கள். இலவச வகுப்பு சில இடங்களில் ஆள் சேர்க்கும் காட்சியாகிவிடுகிறது, பணம் கொடுத்த வகுப்பில் நடப்பதுதான் நாளைக்கும் நடக்கும்.

உள்ளே போனதும் அவர் முதலில் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். நல்ல ஆசிரியர் உங்கள் கிட்டாரை வாங்கிப் பார்ப்பார். கம்பிகள் கழுத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று குனிந்து பக்கவாட்டில் நோக்குவார். 12-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்) ஸ்டீல் கம்பிக் கிட்டாருக்கு அந்த உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் சுகம், நைலானுக்கு 3 முதல் 4 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் யானை பலம் வேண்டும். தொடக்கத்தில் 'எனக்கு வராது' என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்குக் குற்றம் விரலில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது. "இதைக் கொஞ்சம் இறக்கி செட் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பாருங்க" என்று சொல்பவர் உங்களுக்குப் பல வார வேதனையை மிச்சப்படுத்துகிறார்.

அடுத்தது ட்யூனிங். ஆறாவது கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அவரே சட்டென்று சேர்த்துக் கொடுத்துவிட்டால் நேரம் மிச்சம்தான், ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்? ட்யூனர் செயலியைத் திறந்து, உங்களையே திருகவைத்து, கம்பி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று காதால் கேட்கவைத்தால் பத்து நிமிடம் போகும். அது வீணான நேரமில்லை. சுருதி சேராத கிட்டாரில் ஒரு வாரம் பயிற்சி செய்தால் காது கெட்டுப்போகும்.

பிறகு நீங்கள் உட்காரும் விதம். தோள் தூக்கியிருக்கிறதா, விரல்களைப் பார்ப்பதற்காகக் கிட்டாரை மல்லாக்கச் சாய்த்திருக்கிறீர்களா, மணிக்கட்டு மடங்கி ஒடிந்ததுபோல இருக்கிறதா? கிட்டாரைச் சாய்த்தால் மணிக்கட்டு தானாக மடங்கும், அதில்தான் வலி தொடங்கும். எல்லாத் தொடக்கநிலையினரும் செய்யும் பிழை இது. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் இதைக் கண்டு திருத்தவில்லையென்றால் அவர் உங்களைப் பார்க்கவில்லை என்று பொருள்.

வலியைப் பற்றியும் கேட்டுவையுங்கள். முதல் சில வாரங்கள் இடது கை விரல்நுனி எரியும், பிறகு காய்த்துப்போய்ப் பழகிவிடும். அது இயல்பு. மணிக்கட்டு, முன்கை, கட்டைவிரலின் அடிப்பகுதி ஆகியவற்றில் வரும் வலியும், விரல் மரத்துப்போவதும் இயல்பில்லை. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே ஆசிரியர். "வலிச்சாத்தான் வரும்" என்று எல்லா வலிக்கும் ஒரே பதில் சொல்பவரிடம் உங்கள் கையை ஒப்படைக்காதீர்கள்.

இப்போது கார்டுக்கு வருவோம். நீங்கள் தப்பு செய்யும் நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் டெமோ கிளாஸின் சாரம். ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சி கார்டிலிருந்து ஏ மைனருக்கு மாறச் சொல்கிறார் என்று வையுங்கள். சி கார்டில் ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில், நடுவிரல் நான்காவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில், மோதிர விரல் ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கும். புதிதாகக் கற்பவர் என்ன செய்வார்? மூன்று விரலையும் எடுத்துவிட்டு, ஏ மைனர் எங்கே என்று தேடி, ஒவ்வொன்றாக மறுபடி வைப்பார். நான்கு விநாடி ஆகும், பாட்டு அறுந்துபோகும்.

ஒரு ஆசிரியர் "வேகமா, வேகமா" என்பார். இன்னொருவர், "ரெண்டு கார்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்த விரல் நகரவே வேண்டாம்?" என்பார். நீங்கள் பார்ப்பீர்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியிலிருந்து மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த நொடியில் உங்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகத்தான் அவர் ஆசிரியராக இருக்கிறார். அடுத்த கார்டு மாற்றத்தில் 'எந்த விரல் நகர வேண்டாம்' என்று நீங்களாகவே தேடுவீர்கள். ஒரு கார்டோடு சேர்த்து, பார்க்கும் முறையையும் அவர் கொடுத்துவிட்டார்.

வலது கையையும் விட்டுவிடக்கூடாது. கார்டு மாறும்போது இடது கை தாமதமானால் நாம் வலது கையையும் நிறுத்திவிடுவோம். "இடது கை வரலைன்னாலும் பரவால்ல, வலது கையை நிறுத்தாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வாய்விட்டு எண்ணுபவர், காலால் தாளம் போடுபவர் கிடைத்தால் விடாதீர்கள். கார்டு புத்தகத்திலும் இருக்கிறது. தாளத்தை உடலில் ஏற்றுவதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) 60 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு முறை கீழ்நோக்கி அடிக்கச் சொல்லும் வகுப்பு பார்க்கச் சலிப்பாக இருக்கலாம். மூன்று மாதம் கழித்துப் பாட்டோடு சேர்ந்து வாசிக்கப்போவது அப்படிப் பழகியவர்தான்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். மொத்த நேரத்தில் கிட்டார் யார் கையில் அதிகம் இருந்தது? இன்று இரவு வீட்டுக்குப் போய் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு "சியிலிருந்து ஏ மைனர், 60 வேகம், நாலு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு, தினம் 5 நிமிடம், அப்புறம் இரண்டு கார்டிலும் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிச் சோதனை" என்பதுபோல ஒரு விடை எழுத முடிந்தால் அந்த வகுப்பு நல்ல வகுப்பு. வாரத்தில் ஆசிரியரோடு இருப்பது ஒரு மணி நேரம், மற்ற ஆறு நாளும் நீங்கள் தனியாகத்தான் இருக்கப்போகிறீர்கள். அந்த ஆறு நாளுக்கு அவர் என்ன கொடுத்து அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தே உங்கள் முன்னேற்றம் இருக்கும்.

எஃப் கார்டு என்னும் சோதனை

டெமோ கிளாஸிலேயே கேட்டுவிடக்கூடிய ஒரு கேள்வி இது: "எஃப் கார்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?" முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய பார் கார்டு அது. பலர் கிட்டாரை மூலையில் சாத்துவது இந்த இடத்தில்தான். தேர்ந்த ஆசிரியரிடம் இதற்கு ஒரு படிக்கட்டு இருக்கும். முதலில் நான்கு கம்பிகளில் மட்டும் வைக்கும் சின்ன எஃப். பிறகு அதே பார் வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பழகச் சொல்வார். அங்கே கம்பியை அழுத்துவது சுலபம், ஃபிரெட்டுகளும் நெருக்கமாக இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டாகப் பின்னோக்கி வந்து முதல் ஃபிரெட்டைத் தொடுவார்கள். இப்படி ஏதாவது ஒரு வழியை அவர் சொன்னால் போதும், இதே வழியாக இருக்க வேண்டியதில்லை. "அது கஷ்டம்தான், கை பழகணும்" என்று மட்டும் சொன்னால் அவரிடம் வழி இல்லை.

ஐந்தாம் படி: எதைப் படிக்கக் கற்றுத்தருகிறார்?

டேப் என்பது ஆறு கோடுகளில் எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று எண்களால் காட்டும் முறை. ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல டேப்களில் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற தகவல் இருக்காது. ஸ்டாஃப் நோட்டேஷனில் அது இருக்கும், கற்க நாளாகும். கிளாசிக்கல் வழிக்கு நோட்டேஷன் கட்டாயம். பாட்டுக்குக் கார்டு வாசிக்க மட்டும் வருபவருக்கு முதல் நாளே அதைத் திணிக்க வேண்டியதில்லை.

என் கருத்தைக் கேட்டால், வாசிப்பும் விளக்கமும் கலந்து வர வேண்டும். மூன்று மாதம் வெறும் தியரி சொல்லி ஒரு பாட்டும் வாசிக்கவிடாத வகுப்பும் சரியில்லை. இரண்டு வருடம் பாட்டு மேல் பாட்டாகக் காட்டி, ஜி-க்கு அப்புறம் ஏன் சி வருகிறது என்று ஒரு நாளும் சொல்லாத வகுப்பும் சரியில்லை. இரண்டாவது வகை வகுப்பில் கேப்போவைக் (ஒரு ஃபிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) கொண்டு ஒரு சோதனை செய்யலாம். பாடும் ஒருவர், "இந்தப் பாட்டின் சுருதி எனக்கு எட்டவில்லை" என்கிறார். மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவத்தில் வாசித்தால் பி ஃபிளாட் ஒலிக்கும். ஏன் என்று மாணவருக்குத் தெரிந்திருந்தால் எந்தக் குரலுக்கும் அவரே சுருதியை மாற்றிக்கொள்வார். தெரியாவிட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆசிரியரிடம் ஓட வேண்டியதுதான்.

ஆறாம் படி: நேரிலா, ஆன்லைனிலா? தனியாகவா, குழுவாகவா?

முதல் இரண்டு மூன்று மாதம் நேரில் படிக்க வாய்ப்பிருந்தால் நேரில் படியுங்கள். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதைக் கிட்டாரின் பின்னால் எட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படும் காலம் அது. கை பழகியபின் ஆன்லைன் தாராளமாகப் போதும்.

நல்ல ஆசிரியர் அருகில் இல்லையென்றால் ஆன்லைனில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் ஒலி வந்துசேரத் தாமதமாகும், அதனால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. இதை அறிந்த ஆசிரியர் சேர்ந்து வாசிக்க முயல மாட்டார். வாசித்துப் பதிவுசெய்த தடத்தை அனுப்பி, அதோடு உங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சுக்காகச் செய்யப்பட்ட செயலிகள், நீண்டு ஒலிக்கும் கம்பிச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கினால் இது தீரும். ஆன்லைன் ஆசிரியர் முதல் ஐந்து நிமிடத்தில், "கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க, கட்டைவிரல் தெரியணும்" என்றால் அவருக்கு அனுபவம் உண்டு.

குழு வகுப்பில் கட்டணம் குறையும், கூட்டாக வாசிக்கும் சந்தோஷமும் கிடைக்கும். நான்கைந்து பேர் வரை சரி. பத்துப் பேர் இருக்கும் அறையில் உங்கள் மூன்றாவது கம்பி செத்துக் கிடப்பது யாருக்கும் கேட்காது. குழுவில் சேர்ந்தாலும் மாதம் ஒரு முறை 20 நிமிடம் தனியாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஏழாம் படி: சான்றிதழ்

டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம்., ராக்ஸ்கூல் போன்ற அமைப்புகள் கிட்டாருக்குக் கிரேடு தேர்வுகள் நடத்துகின்றன. 1 முதல் 8 வரை கிரேடுகள். ஆசிரியர் எட்டாவது கிரேடு முடித்தவர் என்றால் அவர் முறையாக, ஓரளவு ஆழமாகப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. அது வாசிப்புக்கான தேர்வு. கற்பிக்கத் தெரியுமா என்பதை அது சொல்லாது. அதற்கு மேலே டிப்ளமோக்கள் இருக்கின்றன, அவற்றில் சில கற்பித்தலுக்கென்றே உள்ளவை. எந்தச் சான்றிதழும் இல்லாத அருமையான ஆசிரியர்களும் நிறையப் பேர் உண்டு.

நீங்கள் தேர்வு எழுத விரும்பினால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தேர்வுப் பாட்டுகளைத் தவிர வருடத்தில் வேறு என்ன வாசிப்போம்? தேர்வுக்கான ஒரு சில பாட்டுகளை வருடம் முழுக்க அரைத்து, கிரேடு வாங்கி, அவற்றைத் தவிர எதுவும் வாசிக்கத் தெரியாமல் நிற்கும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

எட்டாம் படி: கட்டணமும் விதிகளும்

வகுப்பு தவறினால் மாற்று வகுப்பு உண்டா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ஆசிரியர் வராவிட்டால் என்ன, இடையில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் போதும். ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுவதே நல்லது. இசைப்பள்ளியில் சேர்ந்தால், டெமோ எடுத்தவரே தொடர்ந்து வகுப்பு எடுப்பாரா என்றும் உறுதிசெய்யுங்கள். நீங்கள் தேர்ந்தெடுப்பது ஓர் ஆளை.

குழந்தைக்காகத் தேடினால்

கிட்டார் அளவு முதல் விஷயம். சிறு பிள்ளைகளுக்கு அரை அளவு, முக்கால் அளவுக் கிட்டார்கள் இருக்கின்றன. பெரிய கிட்டாரைக் கட்டிக்கொண்டு தோள் உயர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எதுவும் ஏறாது. சின்ன வயதில் 30 நிமிட வகுப்பே போதும். அதிலும் தட்டுவது, பாடுவது, ஒரே கம்பியில் விளையாடுவது என்று மாறி மாறிப் போக வேண்டும்.

வகுப்பில் நீங்கள் உட்காரலாமா என்று கேளுங்கள். பிள்ளையின் கவனம் சிதறும் என்று ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் கதவு திறந்திருக்கட்டும், அல்லது வெளியிலிருந்து பார்க்கும்படி கண்ணாடி இருக்கட்டும். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். பொறுப்பான ஆசிரியர் இதை வரவேற்பார், முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விடக்கூடாது. வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்பதைவிட "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கிட்டாரை நீங்கள் கையில் எடுங்கள். பிள்ளை உங்கள் விரலைப் பிடித்துத் திருத்தும் விதத்தில் ஆசிரியர் அப்படியே தெரிவார்.

ஒன்பதாம் படி: மூன்று மாதம் கழித்துச் சரிபார்ப்பது

முதல் வாரமே கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து வையுங்கள், கேட்க எப்படி இருந்தாலும் சரி. அதன்பின் மாதம் ஒன்று. இரண்டு கார்டுகளுக்கு இடையே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தினமும் 15, 20 நிமிடம் பயிற்சி செய்தவருக்கு மூன்றாவது மாதத்தில் எளிய பாட்டு ஒன்றாவது தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் உங்கள் பயிற்சியை நேர்மையாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பயிற்சி செய்தும் நகரவில்லையென்றால் ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், இந்த மாற்றம் ஒரு மாசமா அப்படியே நிக்குது. எங்க தப்பு பண்றேன்னு பாருங்களேன்." நல்லவர் வேறு வழியை முயல்வார், பயிற்சியை உடைத்துச் சின்னதாக்கித் தருவார். கோபித்துக்கொள்பவர், மற்ற மாணவரோடு ஒப்பிட்டுப் பேசுபவர், வகுப்பு நேரத்தில் கைப்பேசி நோண்டுபவர், போன வாரம் என்ன சொன்னோம் என்பதையே மறந்துவிட்டு வருபவர் ஆகியோரிடம் நான்காவது மாதக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஆசிரியரை மாற்றுவது துரோகமில்லை. குருவை விட்டுப் போகிறோமே என்று பலரும் இதில்தான் தயங்கி, ஒரு நாள் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள், கிட்டாரும் அதோடு நின்றுபோகிறது. "இந்த மாதத்தோடு வகுப்பை நிறுத்திக்கொள்கிறேன், இதுவரை சொல்லிக்கொடுத்ததற்கு மிக்க நன்றி" என்று இரண்டு வரி அனுப்பினால் போதும். விளக்கம் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

அடுத்தவரிடம் போகும்போது அந்த மூன்று மாதப் பதிவுகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். புதியவர் பதிவைக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப கிட்டாரை எடுங்க, கையைப் பார்ப்போம்" என்று நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப்போட்டால், அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள்.